தெருவில் பாவு கிடக்கும்போது

(தென்னேரியில் நெசவாளர் குடும்பங்கள் கூடியிருந்த ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் பெரியம்மா மகன் ஒருவர் இருக்கிறார். குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதிக்க முடியாது. அதனால் தார் சுற்றினார், பாவு பிணைத்தார். பழைய பாவின் முனையோடு புதுப் பாவை ஆயிரக்கணக்கான இழைகளாக ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் பிணைத்த பாவில் இழை விட்டுப்போனதாக யாரும் குறை சொன்னதில்லை.

அவரிடம் அரசு கொடுத்த ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் இருபுறமும் இணைப்புச் சக்கரம் வைத்தது. அந்த வண்டியில் அவர், பின்னால் என் பைக்கில் நான் என்று ஒருநாள் காஞ்சிபுரம் போனோம். ஒரு பெரிய வளாகம். அதன் பெயர் இங்கே வேண்டாம். வாசலுக்குப் பக்கத்தில் தரையில் நீல வண்ணம் அடித்து, சக்கர நாற்காலி படம் போட்ட இரண்டு இடங்கள். ஒன்றில் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் ஒரு கார். ஓட்டுநர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார், ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் கண்ணாடியைத் தட்டி, “தம்பி, இது எங்க வண்டி நிறுத்துற எடம்பா. கொஞ்சம் எடுக்கிறீங்களா?” என்றார். அவர் கண்ணாடியைப் பாதி இறக்கி, “அஞ்சு நிமிஷம் பெரியவரே, ஓனர் வந்துருவாரு” என்றார். வெயிலில் பத்து நிமிஷம் போயிற்று. அண்ணன் மறுபடி கேட்டார். இந்தத் தடவை, “அதான் சொல்றேன்ல. நீங்க யாரு வந்து கேக்கறதுக்கு?” என்று பதில் வந்தது. அந்தச் சமயம் காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் எங்கிருந்தோ வந்து விசில் ஊதி, “வண்டிய எடுங்க சார்” என்றார். கார் போய்விட்டது. ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லை.

திரும்பி வரும் வழியில் வாலாஜாபாத்தில் டீ குடிக்க நின்றோம். அண்ணன் கேட்டார்: “நான் சொன்னதும் அவன் சொன்னதும் ஒரே வார்த்தைதானேடா?”

அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்க வந்திருக்கிறேன். எனக்கு அது தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

உலகத்தில் வேறு சிலரும் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். லெனார்ட் பிக்மேன் என்ற உளவியலாளர் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஒரு சோதனை செய்து 1974-இல் வெளியிட்டார். தெருவில் போகிறவர்களை ஒருவர் நிறுத்தி, சாதாரண வேலை ஒன்றைச் செய்யச் சொல்வார். கீழே கிடக்கும் காகிதப் பையை எடுக்கச் சொல்வார், பேருந்து நிறுத்தத்தில் தள்ளி நிற்கச் சொல்வார். இல்லையென்றால், அதோ நிற்கிறாரே, அவர் வண்டி நிறுத்தியதற்குக் கட்டணப் பெட்டியில் போடச் சில்லறை இல்லை, நீங்கள் ஒரு காசு கொடுங்கள் என்பார். சொல்கிறவர் ஒருமுறை சாதாரணச் சட்டையில் வந்தார், ஒருமுறை பால்காரர் உடையில், ஒருமுறை காவலாளி உடையில். காவலாளி உடைக்குச் சாதாரணச் சட்டையைவிடச் சுமார் இரண்டு மடங்கு பேர் பணிந்தார்கள். பால்காரர் போட்டிருந்ததும் சீருடைதான், ஆனால் அதற்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்றும் கண்டார்கள். காவலாளி சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் நடந்து போய்விட்டாலும் ஜனங்கள் சொன்னதைச் செய்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற பயம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. இப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று மனது தானாகவே ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

அதற்கும் முன்னால், 1961-இல், யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை இன்னும் பிரபலம். அடுத்த அறையில் இருக்கும் ஒருவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைத்து, ஆய்வாளர் ஒருவர் “தொடருங்கள்” என்று சொல்லச் சொல்ல, 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை அழுத்தினார்கள். உண்மையில் அங்கே மின்சாரம் இல்லை, ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. இதே சோதனையை வேறு விதமாகவும் செய்தார்கள். ஆய்வாளர் வெளியே போய்விடுவார். அவர்களைப் போலவே சோதனைக்கு வந்த சாதாரண ஆள் ஒருவர், “இன்னும் கூட்டலாமே” என்பார். அப்போது கடைசிவரை போனவர்கள் 20 பேரில் 4 பேர்தான்.

இதைப் படித்ததும் முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. கெட்ட காரியத்தைச் செய்யச் சொல்லும் அந்நியனுக்கு மனிதர்கள் அவ்வளவு சுலபமாகப் பணிவதில்லை. நல்லதுதானே? ஆனால் நல்ல காரியத்தைச் சொல்லும் அந்நியனுக்கும் அதே கதிதான் என்பதை அண்ணனோடு நின்றபோது பார்த்தேன். சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்பதை எடை போடும் முன்பே, சொல்கிறவரின் சட்டையை எடை போட்டு முடித்துவிடுகிறோம்.

அண்ணனின் விஷயத்தில் இதில் கூடுதலாக ஓர் அநியாயம் இருக்கிறது. அவர் வழியில் போன அந்நியர் இல்லை. அந்த இடத்துக்கு உரியவர். வீட்டுக்காரர் தன் வீட்டுத் திண்ணையைக் கேட்டால், “நீ யாரு கேக்க?” என்று திண்ணையில் படுத்திருப்பவர் சொல்வது போல.

அந்த இடம் ஏன் அப்படி அளந்து விடப்பட்டிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அகலம் குறைந்தது 3.6 மீட்டர் வேண்டும் என்று நம் நாட்டுக் கட்டட விதிநூல்கள் சொல்கின்றன. சாதாரணக் காருக்கு அவ்வளவு அகலம் எதற்கு? கார்க் கதவை முழுதாகத் திறக்க வேண்டும். பக்கத்தில் சக்கர நாற்காலியை விரித்து வைக்க வேண்டும். உட்கார்ந்த நிலையிலிருந்து உட்கார்ந்த நிலைக்கே உடம்பை மாற்ற வேண்டும். அதற்குத்தான் அந்த அகலம். நம் ஊர்ப் பக்கம் காரில் வருகிற மாற்றுத்திறனாளிகள் குறைவு. அண்ணனைப் போல இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருகிறவர்கள்தான் அதிகம். அந்த வண்டியைச் சாய்த்து நிறுத்த முடியாது. இரண்டு பைக்குகளுக்கு நடுவில் செருக முடியாது. காலை ஊன்றிப் பின்னுக்குத் தள்ளவும் முடியாது, ஏனென்றால் ஊன்றக் காலில் வலு இல்லை. இடம் மறிக்கப்பட்டால் அவர் வேறு இடம் தேடப்போவதில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அந்த ஓட்டுநரின் ஐந்து நிமிஷம் அண்ணனுக்கு ஒரு முழு நாள்.

தரையில் வரைந்த படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1968-இல் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி வரைந்தது அது. அவர் வரைந்ததில் நாற்காலி மட்டும்தான் இருந்தது, தலையைப் பிறகு வேறொருவர் சேர்த்தார். அதைத் தரையில் மட்டும் தீட்டிவிட்டால், அதன்மேல் யார் வண்டியை ஏற்றுகிறாரோ அவருடைய வண்டியே படத்தை மூடிவிடும். கம்பத்தில் நிமிர்ந்து நிற்கும் பலகை வைத்தால் அத்துமீறல் குறைகிறது என்று 1980-களிலேயே அமெரிக்காவில் ஆராய்ந்து சொன்னார்கள். ஒரு கம்பம் நட எவ்வளவு செலவாகும்?

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1995-இல் ஒன்று, அதற்குப் பதிலாக மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற அது ஐந்து வருடக் கெடு கொடுத்தது. அந்தக் கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கே முரண், மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றது. பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை என்றும் அந்த 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவு சொல்கிறது.

இவ்வளவு இருந்தும், “தம்பி, வண்டியை எடு” என்று சொல்லும் குரலைச் சட்டம் யாரிடம் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். ரயில்வே சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு, 155. பிறருக்கு ஒதுக்கிய பெட்டியில் ஏறிக்கொண்டு, அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியர் இறங்கச் சொல்லியும் இறங்காதவருக்கு 500 ரூபாய் வரை அபராதம். ஊழியர் சொல்ல வேண்டும். பெட்டிக்கு உரிய பயணி ஊன்றுகோலோடு வாசலில் நின்று நூறு முறை சொன்னாலும் கணக்கில் வராது. செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு மின்ரயிலில் போய்வருகிறவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய பெட்டியில் யார் யார் உட்கார்ந்து வருகிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று ஒரு மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலையின் பக்கம் வரை போக அப்போதுதான் நிரந்தர வழி வந்தது. மணல் சக்கரத்தை விழுங்கிவிடும் என்பதால் வாழ்நாள் முழுக்கக் கடலைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் அன்று தண்ணீருக்குப் பக்கத்தில் போனார்கள். அந்தப் படங்களை நானும் பார்த்தேன். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். ஆனால் திறந்த கையோடு மற்றவர்களும் பாதையில் ஏறிவிட்டார்கள். செல்ஃபி எடுத்தார்கள், குடும்பத்தோடு உலாவினார்கள். யாருக்காகப் போட்டதோ அவர்களுடைய நாற்காலி நகர முடியவில்லை என்று செய்தி வந்தது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் பாதையின் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. அரசு அதைச் சரிசெய்துவிட்டது. புயல் உடைத்ததைச் சரிசெய்யத் தச்சர் போதும். ஜனங்கள் அடைத்துக்கொண்டதற்கு வாசலில் ஒரு காவலாளியை நிறுத்த வேண்டியிருக்கிறது. அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் என்ன செய்வது?

இந்த இடத்தில் காஞ்சிபுரத்துக் கதையின் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கார் போனதும் அண்ணன் வண்டியைத் திருப்பத் தொடங்கினார். அதற்குள் கொடி கட்டிய வேறொரு கார் அதே இடத்தில் வந்து நின்றது. அதே வாட்ச்மேன் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “கொஞ்சம் அந்தாண்ட போட்டுக்கங்க” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அறுபது வயது இருக்கும். பன்னிரண்டு மணிநேரம் நிற்கிற வேலை. அந்தச் சட்டை அவருக்குச் சின்ன காரை விரட்டும் பலத்தைத்தான் கொடுத்திருக்கிறது, பெரிய காரை நிறுத்தும் பலத்தைக் கொடுக்கவில்லை.

2019-இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் நம் வீடுகளில் சொந்தக்காரர்கள் நிரம்பி வழிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை ஒரு கோடிக்கும் மேல் ஜனம் வந்தது. பொது வரிசையில் எட்டு மணிநேரம் நின்ற கிழவிகளை நாம் பார்த்தோம். முக்கியப் பிரமுகர் வாசலில் அட்டை இருக்கிறதா இல்லையா என்பதில் அதிகாரிகளுக்கும் காவலர்களுக்கும் இடையிலேயே மோதல் வந்து, அது ஊரெல்லாம் வீடியோவாகச் சுற்றியது. உடுப்புக்குப் பணிந்து பழகியவர்கள், அதைவிடப் பெரிய உடுப்பு வரும்போது விதியை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் “போலீஸ் போட்டால் எல்லாம் சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. போலீஸ் வேண்டும், அபராதமும் வேண்டும். ஆனால் அதிகாரத்துக்குப் பயந்து காலியாகும் இடம், அதிகாரத்துக்கு அஞ்சி நிரம்பவும் செய்யும்.

அப்படியானால் யார் சொன்னால் கேட்போம்? இதற்குப் பதில் தேடி நான் அமெரிக்காவுக்குப் போகவில்லை, நம் தெருவுக்கு வந்தேன்.

விடியற்காலையில் தெருவில் பாவு விரித்திருக்கிறோம். இந்த முனையில் ஒரு கட்டை, அந்த முனையில் ஒரு கட்டை, நடுவில் அத்தனை நீளத்துக்குப் பட்டு இழை. அப்போது பால் வண்டிக்காரர் வருகிறார். பள்ளிக்கூட வேன் வருகிறது. யாராவது விசில் ஊதுகிறார்களா? பலகை வைத்திருக்கிறோமா? எவனாவது, “அஞ்சு நிமிஷம், பாவு மேல ஏத்திட்டுப் போயிடறேன்” என்று கேட்டிருக்கிறானா? பாவு பக்கத்தில் நிற்பது பத்து வயதுப் பெண்குழந்தையாக இருந்தாலும் சரி, அவள் கையைக் காட்டினால் லாரிக்காரர் பின்னால் போய் அடுத்த தெருவில் திரும்புகிறார். அந்தக் குழந்தைக்கு என்ன அதிகாரம்? ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இழை அறுந்தால் ஒரு வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியாது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாவு யாருடையது என்றுகூட நாம் விசாரிப்பதில்லை.

ஏரிக்கு வாருங்கள். திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று, தொண்டைமான் இளந்திரையன் பெயர் அதில் இருக்கிறது என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பக்கத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஏரி வாரியம் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். கல்வெட்டில் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார், சில ஊர்களில் கம்புகட்டி என்பார்கள். பெரும்பாலும் நிலமே இல்லாத, ஊரின் ஓரத்தில் குடியிருந்த, சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்ட மனிதர். ஆனால் மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில். நாற்பது காணி வைத்திருப்பவர் வந்து நின்றாலும், “உங்க முறை முடிஞ்சிதுங்க” என்று அவரால் சொல்ல முடிந்தது, பெரியவரும் திரும்பிப் போனார். மற்ற நேரத்தில் அதே பெரியவர் அவரை வாசலுக்குள் விட்டிருக்க மாட்டார். அந்த அநீதியை நான் மறைக்கவில்லை. ஆனால் மடையருகே அவர் வாயிலிருந்து வந்த சொல்லை ஊர் முழுவதும் தன் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஒருவர் முறையை மீறினால் கடைமடைக்காரன் பயிர் காயும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நீலம் அடித்த இடத்துக்கு அப்படி ஓர் ஊர்ச்சொல் இன்னும் வரவில்லை. 2010-இல் தமிழக அரசு தனித் துறை அமைத்து, ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளி என்று மாற்றியது. சில வருடங்களில் நம் வீட்டுப் பாட்டிகள்கூட அந்த வார்த்தையைச் சொல்லப் பழகிவிட்டார்கள். மேலேயிருந்து வந்த ஆணையால் நாக்கைத் திருத்த முடிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்ப அது போதவில்லை.

கேட்கிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தசைச் சிதைவு, ஹீமோபீலியா, தலசீமியா எல்லாம் அதில் உண்டு. அவற்றில் பல கண்ணுக்குத் தெரியாது. நன்றாக நடந்து வருகிறாரே, இவருக்கு எதற்கு இந்த இடம் என்று ஒருவருடைய காலைப் பார்த்து நாம் சண்டைக்குப் போனால், அது இன்னொரு கொடுமை. சிங்கப்பூரில் இதற்கு வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் வில்லை இருக்கிறது. தானே ஓட்டி வரும் மாற்றுத்திறனாளிக்கு ஒருவகை, அவரை அழைத்து வருபவருக்கு இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு ஒரு மணிநேரம்தான். இங்கிலாந்தில் 1971 முதல் இப்படி ஓர் அட்டை உண்டு. 2019-இலிருந்து வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் கொடுக்கிறார்கள். அங்கெல்லாம் ஆளைப் பார்க்க வேண்டாம், அட்டையைப் பார்த்தால் போதும். நம்மிடம் எல்லா வண்டிக்கும் அப்படி ஒட்டுகிற வழக்கம் வரும் வரையில், மரியாதையாகக் கேளுங்கள். “இந்த எடம் மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கினதுங்க, உங்களோட யாராவது வந்திருக்காங்களா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இவ்வளவும் பேசுகிற நான் அன்று என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அண்ணன் கண்ணாடியைத் தட்டியபோது நான் நாலடி தள்ளி பைக்கில் உட்கார்ந்திருந்தேன். “நீங்க யாரு?” என்று அந்த ஓட்டுநர் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. யாராவது வாட்ச்மேன் இருக்கிறாரா என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். என் அண்ணனின் சொல் செல்லாது என்று அந்த ஓட்டுநர் மட்டும் முடிவு செய்யவில்லை. நானும் முடிவு செய்திருந்தேன். டீக்கடையில் அவர் கேட்ட கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

போன மாதம் மறுபடி அங்கே போக வேண்டியிருந்தது. தண்ணீர் கேன்கள் இல்லை, ஆனால் இரண்டு இடத்திலும் வண்டிகள். ஒன்றில் ஆள் இருந்தார். அண்ணன் கேட்டார். வழக்கமான ஐந்து நிமிஷம் பதிலாக வந்தது. நான் பைக்கை விட்டு இறங்கி அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். “அவர் கேக்கறாருல்ல, அவரோட எடம் சார்” என்று மட்டும் சொன்னேன். அந்த மனிதர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நாங்கள் நகரவில்லை. வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் ஒன்றுமே பேசவில்லை. பிறகு உள்ளேயிருந்து வெளியே வந்த ஒரு கல்லூரிப் பையன், என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டு அவனும் நின்றான். எங்களில் ஒருவருக்கும் சீருடை இல்லை.

கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கோபமாகத்தான் எடுத்தார், ஆனாலும் எடுத்தார். அண்ணன் தன் ஸ்கூட்டரை மெதுவாக ஒடித்து, ஒருமுறை முன்னே போய், பின்னே வந்து, மறுபடி ஒடித்து உள்ளே கொண்டுவந்தார். அந்த 3.6 மீட்டர் முழுவதும் அவருக்குத் தேவைப்பட்டது.